நிற்பவர்களும் நாமும்



திருமணச் சேலை எடுக்க விக்கிரமங்கலத்திலிருந்து திருச்சிக்குச் சென்றிருந்தோம். பல ஊர்களில் கிளைகள் உடைய ஜவுளிக்கடை. நாங்கள் அமர்ந்திருந்தோம், இரண்டு மணி நேரம் சேலைகளை விரித்துக் காட்டிய பெண் நின்றுகொண்டே இருந்தாள். “உட்காரம்மா” என்றேன். மேற்பார்வையாளரைப் பார்த்தாள், உட்காரவில்லை.

கோழிக்கோட்டில் விஜி முதலிய பெண்கள் ‘பெண்கூட்டு’ என ஒன்றுசேர்ந்து, தொழிற்சங்கமும் கண்டு, இருக்கை உரிமைக்குப் போராடினார்கள். 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும் அதனைச் சட்டமாக்கின. சட்டம் வந்தது, இக்கடைக்கு நாற்காலி வரவில்லை!

தனியொருத்தி கேட்டால் வேலைக்கு ஆபத்து, ஆகவேதான் சங்கம். வாடிக்கையாளனை யார் வேலைநீக்கம் செய்வது? பணம் கட்டுமிடத்தில் நானே கேட்டேன், அவளைச் சுட்டாமல்: “இங்குள்ளோர் அமர இருக்கை எங்கே? சங்கம் சேர்ந்தால் தடுப்பீர்களோ?” மேலாளர் சிரித்து மழுப்பினார்.

தீபாவளிக்கும் துணி எடுக்க வேண்டும். நாற்காலியைப் பார்த்த பிறகே சேலையைப் பார்ப்பேன் என்று சொல்லிவந்திருக்கிறேன்.