ஒண்டுக்குடித்தனமும் தனி வீடும்



இந்தப் பேச்சை இப்போது எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. பத்துப் பேர் கேட்டாலும், பத்து இலட்சம் பேர் கேட்டாலும், ஒலிபரப்புக் கோபுரம் செய்யும் வேலை ஒன்றே. வானில் பரவிய அலையை எந்த வீட்டுப் பெட்டி பிடித்துக்கொண்டாலும் கோபுரத்திற்கு அதனால் ஒரு சுமையும் கூடுவதில்லை. கைப்பேசிச் செயலி வழியே கேட்பவர்கள் சிலரும் இருக்கக்கூடும். அவர்கள் கணக்கு வேறு. அந்த வேறு கணக்கைப் பற்றியே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இணையதளம் வானொலிக் கோபுரத்தைப் போன்றதன்று. அது பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தைப் போன்றது. வந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தட்டில் இட்டாக வேண்டும். நூறு பேர் வந்தால் நூறு முறை கரண்டி ஏறி இறங்க வேண்டும். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியவுடன், எங்கோ ஓர் ஊரில் உள்ள கணினி உங்கள் வேண்டுகோளைப் பெறுகிறது. அதற்குரிய நிரலை இயக்குகிறது. தரவுத்தளத்தில் வேண்டியதைத் தேடி எடுக்கிறது. பக்கமாகக் கோத்து உங்களுக்கு அனுப்புகிறது. கேட்டதை எடுத்து வழங்குவதால் அக்கணினியை வழங்கி என்கிறோம். சர்வர் என்று நீங்கள் சொல்வதும் அதுவே.

சிறிய தளங்களுக்குத் தனியாக ஒரு வழங்கி தேவையில்லை. ஆகவே கம்பெனிகள் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைக்கின்றன. பழைய நாளில் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் ஒரே வீட்டில் ஐந்தாறு குடும்பங்கள் இருந்தன அல்லவா? ஒண்டுக்குடித்தனம் என்பார்கள். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று, வாசல் ஒன்று. வாடகை குறைவு. பகிர்வு வழங்கி என்பது அந்த ஏற்பாடுதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே கதவு எண் உள்ள வீட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தால், கடிதத்தில் பெயர் எழுதாவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? வலையின் தொடக்க நாளில் இதே சிக்கல் இருந்தது. வேண்டுகோளில் பக்கத்தின் பெயர் இருக்கும். தளத்தின் பெயர் இருக்காது. ஆகையால் ஒவ்வொரு தளத்திற்கும் தனி இணைய முகவரி எண் தேவைப்பட்டது. 1997 சனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 என்னும் நெறிமுறை, வேண்டுகோள் ஒவ்வொன்றிலும் தளத்தின் பெயரும் இருந்தாக வேண்டும் என்று விதித்தது. ஒரே எண்ணில் நூறு தளங்கள் குடியிருக்கும் வசதி அதன் பின்னரே பரவலாயிற்று. குறைந்த வாடகைக்கு ஓர் எளிய பள்ளி ஆசிரியனும் தளம் நடத்தலாம் என்னும் நிலை வந்தது அந்த ஒரு வரியால் என்றால் மிகையாகாது.

அந்த எளிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். என் ஊர் தென்னேரி. வாலாசாபாத்திற்கு அருகில் உள்ளது. திரையனேரி என்னும் பழம்பெயரே மருவித் தென்னேரி ஆயிற்று என்பர். ஊரின் பெயரே ஏரியின் பெயர்தான். ஒரே ஏரியின் நீரைப் பலர் முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில் பிறந்தவனுக்கு, பொது வழங்கி என்றால் என்ன என்று ஒருவர் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் விளங்கிக்கொள்ள எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

2018ஆம் ஆண்டில், முன்னாள் மாணவர் சிலர் துணையுடன், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சிறு தளம் ஒன்றைத் தொடங்கினேன். பழைய வினாத்தாள்கள், என் கையால் எழுதிய கணித விடைகள், வடிவியல் வரைபடங்கள் ஆகியவற்றை வருடிப் படமாக்கி ஏற்றினோம். ஆண்டு வாடகை மூவாயிரம் ரூபாய். கம்பெனியின் விளம்பரத்தில் "வரம்பற்ற இடம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதை நம்பி, ஒவ்வொரு தாளையும் வண்ணத்தில் வருடினேன். ஒரு கோப்பு பன்னிரண்டு மெகாபைட் ஆயிற்று. போதாக்குறைக்கு எனக்கு ஓர் ஆசை. எத்தனை பிள்ளைகள் எந்தத் தாளை எடுத்துச் செல்கிறார்கள் என்று அறிய வேண்டும். அதற்காக ஓர் எண்ணும் நிரலை எழுதுவித்து, ஒவ்வொரு கோப்பும் அதன் வழியாகவே செல்லுமாறு அமைத்தேன். நாள்தோறும் காலையில் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பது, காப்பி அருந்துவது போன்ற பழக்கமாகிவிட்டது.

2019 மார்ச்சு மாதம். கணிதத் தேர்வுக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்குத் தளம் திணறத் தொடங்கியது. முதலில் 508 என்னும் எண்ணுடன் வரம்பு எட்டப்பட்டது என்ற செய்தி வந்தது. பிறகு 503, சேவை கிடைக்கவில்லை என்பது பொருள். பத்தரை மணிக்குக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்னும் ஒரே வரி மட்டும் திரையில் நின்றது. இரவு முழுவதும் கம்பெனிக்கு எழுதினேன். விடை வரவில்லை.

மறுநாள் காலை தேர்வுக்கூட வாயிலில் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். பட்டுத்தறி நெய்யும் வீட்டுப் பெண். பகலெல்லாம் தந்தையிடம் இருக்கும் கைப்பேசி, தறியை விட்டு அவர் எழுந்த பின்னரே அவள் கைக்கு வரும். அதாவது இரவு ஒன்பது மணிக்கு. "ஐயா, நேற்று இரவு திறந்து திறந்து பார்த்தேன், வரவே இல்லை" என்றாள். அதில் குறை கூறும் தொனி இல்லை. அதுவே எனக்குக் கடினமாக இருந்தது. எப்போதும் எண்பதுக்குக் குறையாமல் வாங்கும் அவள், அத்தேர்வில் எழுபத்தொன்று பெற்றாள். தளம் திறந்திருந்தால் கூடுதலாகப் பெற்றிருப்பாளா என்பதை யாரால் சொல்ல முடியும்?

கம்பெனியின் மீது எனக்கு மிகுந்த சினம். அவர்கள் விடை இரண்டு நாள் கழித்து வந்தது. அதே வழங்கியில் குடியிருந்த பிற தளங்கள் எங்கள் தளத்தால் முடங்கின என்றும், அவற்றைக் காக்கவே எங்களை நிறுத்தியதாகவும் எழுதியிருந்தார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் பிறர் நமக்கு இடையூறு செய்வார்கள் என்றே எண்ணியிருந்தேன். கிணற்று நீர் முழுவதையும் இறைத்தவன் நானே என்பது அப்போதுதான் தெரிந்தது.

சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். வழங்கி தன்னிடம் வருவோர் ஒவ்வொருவரையும் குறித்துவைக்கும் நாட்குறிப்பே பதிவேடு. அவர் எனக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

இடம் வரம்பற்றது என்று விளம்பரம் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரே நேரத்தில் இயங்கத்தக்க நிரல்கள் இருபதே என்பது ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தில் இருந்தது. இருபது இருக்கைகள் உள்ள உணவகம் என்று கொள்ளுங்கள். ஒருவர் அரை நொடியில் உண்டு எழுந்தால், நொடிக்கு நாற்பது பேர், நிமிடத்திற்கு 2,400 பேர் உண்ணலாம். என் எண்ணும் நிரலோ, கோப்பு முழுவதும் மாணவரின் கைப்பேசிக்குச் சென்று சேரும் வரை இருக்கையை விட்டு எழவில்லை. பன்னிரண்டு மெகாபைட் கோப்பு, இரவு நேர நெரிசலில் சென்று சேர நாற்பது நொடி. அப்படியானால் நிமிடத்திற்கு எத்தனை பேர்? முப்பதே பேர். எண்பது மடங்கு இழப்பு! முப்பத்தோராவது பிள்ளை வாசலில் நின்றாள்.

நிரலை எடுத்துவிட்டோம். கோப்புகள் நேராகச் செல்லும்படி செய்தோம். வண்ணத்தை விடுத்துக் கறுப்பு வெள்ளையில் மீண்டும் வருடினோம். பன்னிரண்டு மெகாபைட் ஒன்றரை ஆயிற்று. இதற்கு ஒரு காசும் செலவில்லை. அதே மூவாயிரம் ரூபாய் வாடகையில், அடுத்த ஓராண்டு தளம் ஒருமுறையும் நிற்கவில்லை. தளம் மெதுவாகிவிட்டதென்று உடனே பெரிய வழங்கி தேடி ஓடுவோர் முதலில் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பேன். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து எளிய எழுத்துக் கோப்புகளாக வைத்தார்கள். எழுத்துக்கு எடை குறைவு. திருக்குறள் முழுவதும் என் பழைய வினாத்தாள் ஒன்றில் ஒரு மூலைக்குக் காணாது.

ஆனால் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், குடும்பம் பெருகினால் வீடு மாற்றத்தான் வேண்டும். இதற்குப் புகழ்பெற்ற சான்று யாகூ. 1994இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி யாங், டேவிட் பைலோ என்னும் ஆராய்ச்சி மாணவர் இருவர், தமக்குப் பிடித்த இணையப் பக்கங்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தனர். பட்டியல் ஒருவர் கணினியில், தேடும் நிரல் மற்றவர் கணினியில். அக்கணினிகளுக்கு அகெபோனோ, கொனிஷிகி என்று சுமோ மல்லர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். மல்லர்களே ஆயினும் தாங்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒரே நாளில் பத்து இலட்சம் வேண்டுகோள்கள் வந்தன. பல்கலைக்கழகத்தின் பொது வலையமைப்பே திணறியது. 1995இன் தொடக்கத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் மார்க் ஆண்ட்ரீசன், தம் நிறுவனத்துப் பெரிய கணினிகளுக்கு வருமாறு அவர்களை அழைத்தார். அவர்கள் குடிபெயர்ந்த பின்னர் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. அவர்கள் மட்டுமா தப்பினார்கள்? அண்டை வீட்டாரும் தப்பினார்கள்.

கூட்டத்திலும் இருவகை உண்டு. தேர்வு முடிவு வரும் நாளை நீங்கள் அறிவீர்கள். 2024 மே 6ஆம் நாள் காலை ஒன்பதரை மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாயின. தேர்வு எழுதியோர் 7 இலட்சத்து 60 ஆயிரத்திற்கு மேற்பட்டோர். மாணவர் மட்டுமா பார்க்கிறார்? தந்தை, மாமன், பக்கத்து வீட்டு அக்காள் எல்லாரும் அதே நிமிடத்தில் தட்டுகிறார்கள். அந்த அரை மணி நேரக் கூட்டத்திற்கென ஆண்டு முழுவதும் பெரும் வழங்கிகளை வைத்துக் காப்பது வீண்செலவு. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் வெளியிடுகிறார்கள். பதிவுசெய்த கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுகிறார்கள். இது கருட சேவைக் கூட்டம். அன்றைக்குப் பந்தல் போட்டால் போதும். பந்தலை வாடகைக்கு எடுப்பது போல வழங்கிகளை மணிக்கணக்கில் எடுத்துத் திருப்பித் தரும் முறையையே மேகக் கணிமை என்கிறார்கள்.

இரயில் பயணச் சீட்டோ அன்றாடக் கூட்டம். தட்கல் சீட்டுக்குக் குளிர்சாதன வகுப்பென்றால் காலை பத்து மணி, மற்ற வகுப்பென்றால் பதினொரு மணி. நாள் தவறாமல் வரும் நெரிசல் இது. ஐ.ஆர்.சி.டி.சி. 2002இல் இணையவழிச் சீட்டைத் தொடங்கியது. 2014இல் புதிய அமைப்புக்கு மாறியபோது, நிமிடத்திற்கு 2,000 சீட்டு என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. அன்றாடம் வரும் கூட்டத்திற்குப் பந்தல் போதாது; வீடே கட்ட வேண்டும்.

எங்களுக்கும் அந்த நிலை வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. இரவு ஒன்பது மணிக்கு வந்த பிள்ளைகள் காலை எட்டு மணி முதல் வரத் தொடங்கினார்கள். நாங்கள் அறியாத மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். கணக்குகளைத் திரையிலேயே செய்து சரிபார்க்கும் பயிற்சி நிரல் ஒன்றையும் சேர்த்திருந்தோம். அது ஒவ்வொரு விடைக்கும் தரவுத்தளத்தைத் தொட்டாக வேண்டும். சிக்கனம் செய்ய இனி ஒன்றும் இல்லை. நாள்தோறும் இருபது இருக்கைகளும் நிரம்பியிருப்பதைப் பதிவேடு காட்டியது. பழைய மாணவர்கள் பணம் திரட்டினார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் வாடகையில், மெய்நிகர் தனி வழங்கி என்னும் ஏற்பாட்டுக்கு மாறினோம். அடுக்ககத்தில் தனிக் குடியிருப்பு என்று சொல்லலாம்: கட்டடம் பொது, ஆனால் மின்மானியும் தண்ணீர்க் குழாயும் நமக்கே. அடுத்த வீட்டார் எவ்வளவு இறைத்தாலும் நம் பங்கு குறையாது.

குடிபெயரும் வேலை நாங்கள் அஞ்சிய அளவு கடினமாக இல்லை. கோப்புகளையும் தரவுகளையும் புதிய இடத்தில் படியெடுத்துச் சரிபார்த்தோம். பெயருக்கு உரிய முகவரி எண்ணை உலகெங்கும் உள்ள கணினிகள் சில மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்நேரத்தை முன்னரே ஐந்து நிமிடமாகக் குறைத்துவைத்தோம். பழைய வீட்டையும் ஒரு வாரம் காலி செய்யாமல் வைத்திருந்தோம், வழி மறந்து அங்கே வருவோருக்காக.

இடர் வந்தது அதன் பிறகுதான். ஒண்டுக்குடித்தனத்தில் வாசல் தெளிப்பதும், இரவில் தாழிடுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள், அன்றாட நகல், பதிவேட்டை அவ்வப்போது கழித்தல் ஆகியவற்றையெல்லாம் பழைய கம்பெனி எங்களுக்குச் சொல்லாமலே செய்து வந்திருக்கிறது. அவர்களை நான் கடிந்து எழுதிய கடிதங்களை எண்ணி இப்போது நாணினேன். புதிய வீட்டில் அவற்றைச் செய்ய ஒருவரும் இல்லை. மூன்றாம் வாரத்தில் பதிவேடு வளர்ந்து வளர்ந்து வட்டை நிரப்பிவிட்டது. தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றது. இரண்டு நாள் பிள்ளைகள் செய்த பயிற்சிகள் காணாமற்போயின. நகல் எடுத்திருந்தால் மீட்டிருக்கலாம். அன்று முதல் நள்ளிரவில் நகல் தானே எடுக்கப்பட்டு வேறோர் ஊரிலுள்ள கணினிக்குச் செல்லுமாறு அந்த மாணவர் அமைத்துக் கொடுத்தார். மாதம் ஒருமுறை அந்நகலிலிருந்து தளத்தை மீட்டுப் பார்ப்பது என் பொறுப்பு.

அந்த எண்ணும் நிரலை மட்டும் நான் திரும்ப வைக்கவில்லை. எத்தனை பேர் எந்தத் தாளை எடுத்தார்கள் என்பது பதிவேட்டிலேயே இருக்கிறது. அதைப் படிக்க ஒரு மாணவரையும் காக்கவைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி அருந்தியபடி அதைப் பார்த்துக்கொள்கிறேன்.