காரணம் தேடும் நாவு
(வானொலி மறையுரை)



யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைச் சீடர்கள் காண்கிறார்கள். உடனே அவர்களுக்கு ஒரு கேள்விதான் எழுகிறது: இது யார் செய்த பாவம், இவருடையதா, இவருடைய பெற்றோருடையதா? பார்வை இல்லாவிட்டாலும் அவருக்குக் காது கேட்கும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் தேனி மாவட்டத்தில் 2020 மார்ச் இறுதியில் நடந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். ஊரடங்கு தொடங்கிய அந்த நாள்களில், போடி அருகே, வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த ஒருவர் வெளியே ஓடிவந்து ஒரு மூதாட்டியைக் கடித்தார். அந்தத் தாய் இறந்துபோனார். செய்தி நாடெங்கும் பரவியது. தனிமைப்படுத்தியதால் வந்த வினை என்றார்கள்; முன்பே மனநலச் சிகிச்சை பெற்றவராம் என்றார்கள். அமெரிக்காவில் ஒருவர் பள்ளிக்குள் புகுந்து பலரைச் சுட்டுக் கொன்றாலும் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இதே பேச்சுதான்: ஆள் மனநோயாளியா? என்ன மாத்திரை சாப்பிட்டான்? அந்த மாத்திரைதான் வெறியேற்றியதோ?

கொடுமையைக் கண்டு பதறுகிற மனம் காரணம் தேடுவது இயல்பு. இறந்தவருக்கு நீதி வேண்டும். அதைக் காவல்துறையும் நீதிமன்றமும் பார்க்கும். நோய் என்ன, மருந்து என்ன என்பதைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும். நாம் டீக்கடை பெஞ்சிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்வதெல்லாம் யூகம். ஆதாரமில்லாமல் பிறர்மேல் குற்றம் சுமத்துவதை எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்று திருச்சபை கற்பிக்கிறது.

அந்த யூகம் யாரைப் போய்த் தாக்குகிறது? கொலை செய்தவரை அல்ல. அதே பெஞ்சில் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருப்பவரை. விடியற்காலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணை. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஓர் இளைஞரை. தினமும் இரவில் மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் எழுந்து, நம்மைப்போல் உழைத்துப் பிழைக்கும் மக்கள் அவர்கள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம்.

நம் பேச்சைக் கேட்டவர் என்ன செய்வார்? மாத்திரையை ஒளித்துவைப்பார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று குடும்பமே மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்திவிடும். இந்த மாத்திரைகளுக்குப் பக்கவிளைவு உண்டு; தூக்கம் வரும், உடல் எடை கூடும். அதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மாற்றித் தருவார். பயந்துபோய் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பிவிடக்கூடும். எந்த ஆபத்துக்கு அஞ்சிப் பேசினோமோ, அதற்கு நாமே வழி திறந்துவிடுகிறோம்.

அச்சம் முற்றினால் சங்கிலியில்தான் போய் முடியும். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஒருவருடைய சிகிச்சை விவரங்கள் அவருக்குரியவை என்றும் அது சொல்கிறது. ஆனால் நாவினால் போடும் சங்கிலியை எந்தச் சட்டமும் அறுக்க முடியாது. அதை நாம்தான் அறுக்க வேண்டும்.

செபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. மருத்துவரை மதிக்கவும், மருந்துகளை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்று அறியவும் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் நமக்குச் சொல்கிறது. திருத்தலத்துக்கு அழைத்துப் போகிற நாம், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அழைத்துப் போவோம். 14416 என்ற எண்ணை அழைத்தால், எந்த நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும். இந்த எண்ணை நம் வீட்டுச் சுவரில் எழுதிவைப்போம்.

சீடர்களின் கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை. இவரும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, குனிந்து, மண்ணைக் குழைத்து, அந்த மனிதரின் கண்களில் பூசினார். அடுத்த முறை ஒரு கொடுஞ்செய்தி கைப்பேசியில் வரும்போது, அதை அனுப்பும் முன், நம் தெருவில் அதைக் கேட்கப்போகும் ஒருவரை நினைப்போம். முடிந்தால் அவர் வீட்டுக்குப் போய், நல்லா இருக்கீங்களா என்று கேட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவோம்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் நாவைக் காத்தருளும். மனநோயால் துன்புறுவோரையும், அவர்களைப் பேணும் குடும்பங்களையும், வன்முறையில் உயிரிழந்தோரையும் உம் கரங்களில் ஒப்படைக்கிறோம். ஆமென்.