இழந்த ஆண்டைத் திருப்பித் தருவோம்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கடந்த 25 ஆண்டுகளின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியை எனக்கு முன் பேசியோர் நிறைவாகவே செய்துவிட்டனர். 'பெண் கல்வியும் விளையாட்டும்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. பரந்த பொருள், காலமோ குறைவு. ஆதலின் கூடைப்பந்து என்னும் ஒரே ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, கனடா நாட்டில் தொடங்கிக் காரைக்கால்மேட்டில் என் பேச்சை முடிக்க எண்ணுகின்றேன்.

கூடைப்பந்து பிறந்த கதையை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் அல்மான்ட் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராக இருந்தபோது, கடும்பனிக் காலத்தில் கூரைக்குள் ஆடத்தக்க ஆட்டம் ஒன்று தேவைப்பட்டது. 1891 டிசம்பரில், பழம் வைக்கும் இரண்டு கூடைகளை உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி, இவ்வாட்டத்தை அவர் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். பெண்கள் அதிகம் ஓடினால் உடல் நலம் கெடும் என்று அக்காலத்தார் அஞ்சினர். அதனால் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியைக் கடந்து ஓடலாகாது என்று விதி செய்தனர். 1896 ஏப்ரலில் ஸ்டான்போர்டு, பெர்க்லி ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மாணவியர் மோதிய ஆட்டத்தில் 2-1 என்ற கணக்கில் ஸ்டான்போர்டு வென்றது. பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளின் வரலாறு அங்கிருந்து புறப்படுகின்றது.

நம் மண்ணுக்கும் இவ்வாட்டம் அதே இளைஞர் சங்கத்தின் வழியே வந்தது. ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி, தென்னாட்டுப் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கித் தந்தது. இன்று சிற்றூர்ப் பள்ளியிலும் கூடைப்பந்துக் கம்பம் நிற்கின்றது என்றால், அதன் வேர் அங்கே இருக்கின்றது.

இனிக் கனடாவுக்கு வருவோம். 2020 மார்ச்சு மாதத்தில், தலைநகர் ஒட்டாவாவில், அந்நாட்டுப் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்துக் கோப்பையைச் சஸ்காட்செவான் பல்கலைக்கழக அணி வென்றது. அதன் பின் சில நாட்களிலேயே கொரோனா பெருந்தொற்று உலகை மூடிவிட்டது. யூ ஸ்போர்ட்ஸ் எனப்படும் அந்நாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு, 2020 அக்டோபரில், அவ்வாண்டின் குளிர்காலத் தேசியப் போட்டிகள் அனைத்தையும் இரத்துச் செய்தது. பெண்கள் கூடைப்பந்தும் அவற்றுள் ஒன்று. ஆண்டு முழுதும் பயிற்சி செய்த பெண்கள் ஓர் ஆட்டமும் ஆடாமல் அந்த ஆண்டைக் கடந்தனர்.

இளைஞர்களே, இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். அந்நாட்டில் ஒரு மாணவி பல்கலைக்கழக அணியில் 5 ஆண்டுகள் வரை ஆடலாம் என்பது விதி. இரத்தான அந்த ஓராண்டை அந்த ஐந்தில் கணக்கிடுவதில்லை என்று அமைப்பு முடிவு செய்தது. காலம் பறித்துக்கொண்டதை விதி திருப்பித் தந்தது. 2022-இல் கிங்ஸ்டன் நகரில் கோப்பைக்கான போட்டி மீண்டும் நடைபெற்றபோது, அன்று ரையர்சன் என்றும் இன்று டொராண்டோ மெட்ரோபாலிடன் என்றும் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தின் பெண்கள், அப்பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வாகை சூடினர். இடையில் ஓராண்டு வெறுமையாய்ப் போயிற்று. ஆயினும் அணி கலைந்துவிடவில்லை.

நம் நாட்டிலும் அதே இடைவெளி நேர்ந்தது. பல்கலைக்கழகங்களுக்கான முதல் கேலோ இந்தியா விளையாட்டுப் போட்டிகள் 2020 பிப்ரவரியில் புவனேசுவரத்தில் தொடங்கின. இரண்டாம் முறை நடைபெற்றது 2022 ஏப்ரலில், பெங்களூரில். 70-ஆவது தேசியக் கூடைப்பந்துப் போட்டி 2019 டிசம்பரில் லூதியானாவில் நடந்தது. 71-ஆவது போட்டி 2022 ஏப்ரலில் நம் சென்னையில் நடந்தது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு வந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் சேர்ந்து, படித்து, பட்டம் பெற்று வெளியேறும் முன், அவள் ஆடியிருக்க வேண்டிய களம் பெரும்பகுதி மூடியே கிடந்தது.

வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு அது ஒரு பருவத்தின் இழப்பு. நம் வீட்டுப் பெண்ணுக்கோ அது வாயிற்கதவு அடைபடுவதற்கு ஒப்பாகும். நம் பெண் விளையாடுவதற்கு வீட்டில் கிடைத்த இசைவு, பள்ளியும் கல்லூரியும் திறந்திருக்கின்றன என்ற ஒரே காரணத்தால் கிடைத்ததாகும். கல்லூரி மூடியதும் அவ்விசைவு மறைகின்றது. 'வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்' என்ற ஒரு சொல் எழுகின்றது. அச்சொல்லின் பின்னே அடுப்பு வருகின்றது. தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு வருகின்றது. பின்னர் மாப்பிள்ளை வீட்டாரும் வருகின்றனர். வீட்டில் கைப்பேசி ஒன்றே இருந்தால் அதில் பாடம் கேட்கும் முதல் உரிமை மகனுக்கே போகின்றது. நீண்ட விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாளில் பெயர் கூப்பிடும் எந்த ஆசிரியரும் இதனை அறிவார். விடை வராமல் போகும் பெயர்களுள் பெரிய வகுப்புப் பெண்களின் பெயர்களே மிகுதி.

நம் கடற்கரைக்கு இது புதிதுமன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம்மைத் தாக்கியபோது பாடநூல்களும் சான்றிதழ்களும் உயிர்களோடு சேர்ந்து போயின. 2008-இல் நிஷா புயல், 2018-இல் கஜா புயல், 2020-இல் பெருந்தொற்று. நம் பிள்ளைகளின் படிப்பில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் இடைமுறிவு வந்தே தீரும் என்று கொள்ளலாம். அதனைத் தடுக்க நம்மால் இயலாது. முறிந்த இடத்தில் மீண்டும் ஒட்டுவது நம் கையில் உள்ளது.

ஒட்டுவதற்கு ஒரு கை வேண்டும் என்பதற்குக் கனடாவின் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. எட்மண்டன் நகரில் பெர்சி பேஜ் என்ற பள்ளி ஆசிரியர், வணிகப் பாடம் பயின்ற மாணவியரைக் கொண்டு 1915-இல் ஓர் அணியை அமைத்தார். படிப்பு முடித்த பெண்கள் அணியை விட்டு நீங்க மனமின்றித் தொடர்ந்து ஆடினர். 'எட்மண்டன் கிராட்ஸ்' என்று உலகப் புகழ் பெற்ற அவ்வணி, 1940 வரை ஏறத்தாழ 500 ஆட்டங்களில் வென்று, 20 அளவிலேயே தோற்றது. ஒலிம்பிக் நடைபெற்ற ஆண்டுகளில் ஐரோப்பா சென்று வென்றும் அவர்களுக்குப் பதக்கம் இல்லை. பெண்கள் கூடைப்பந்துக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமே இல்லை. ஆண்களுக்கு 1936-இல் கிடைத்த இடம் பெண்களுக்கு 1976-இல், அதே கனடாவின் மாண்ட்ரியல் நகரில்தான் கிடைத்தது. அத்தகைய அணி, இரண்டாம் உலகப் போரின்போது ஆடரங்கை விமானப்படை எடுத்துக்கொள்ள, கலைந்துபோனது. பேராற்றல் வாய்ந்த அணியும் களமின்றி நிலைக்க முடியாது. அதே அணி 25 ஆண்டுகள் நின்றதோ, விடாப்பிடியான ஒரு பள்ளி ஆசிரியரும் அவரை நம்பிய பெற்றோரும் இருந்தமையால்.

தமிழகத்திலும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கியவர். தென்னக இரயில்வேயில் பணி பெற்றவர். தாயான பின்னரும் களத்துக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில், கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்று இந்தியா முதற்பிரிவுக்கு உயர்ந்தபோது அவரும் அணியில் இருந்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இடைவெளி விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று கருதும் பெற்றோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

விளையாட்டுக் களத்தில் நமக்கு மற்றுமொரு தடையும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது உண்மையாகாது. பல்வங்கர் பாலு என்னும் பந்துவீச்சாளர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். பூனாவில் அவர் வீசிய பந்தை எல்லோரும் ஏற்றனர். தேநீர் வேளையில் மட்டும் அவர்க்கு வெளியே மண்குவளையில் தேநீர் தந்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் அணித்தலைமை அவர்க்கு மறுக்கப்பட்டது. அவர் தம்பி விட்டலுக்கே 1923-இல் அது கிடைத்தது. இது பழங்கதை என்பீர்களாயின், 2021-ஐ நினைவுகூர்கின்றேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த வளைகோற்பந்து வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாயிலில், அணி அரையிறுதியில் தோற்ற அன்று, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினர். வென்றால் நாட்டின் மகள்; தோற்றால் சாதியின் மகள் என்ற நிலை இன்னும் மாறவில்லை.

ஆயினும் களத்தை விட்டு நாம் விலகலாகாது. கூடைப்பந்தில் ஐவர் ஆடுகின்றனர். பந்து கைக்குக் கை மாறியே கூடையை அடைகின்றது. யார் கை பட்டது என்று பார்த்துப் பந்தை வாங்க மறுப்பவர் ஆட்டத்தையே இழப்பர். ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட பொது இடம். அங்கே கோட்டுக்குள் நிற்கும் உரிமை ஐவர்க்கும் ஒன்றே. தலை நிமிர்ந்து 3 மீட்டர் உயரத்தில் உள்ள வளையத்தைப் பார்த்துப் பழகிய பெண், நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் தலை குனிந்து நிற்கமாட்டாள்.

1942 ஜூலையில் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் உரையாற்றினார். பல்லாயிரம் பெண்கள் திரண்ட அக்கூட்டத்தில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தைப் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாகக் கூறினார். பிள்ளைகளைப் படிக்க வைக்குமாறும், அவர்கள் மீது திருமணத்தை அவசரமாகச் சுமத்த வேண்டாம் என்றும் தாய்மார்களை வேண்டினார். அந்த அறிவுரையை விடச் சிறந்த ஒன்றை நான் சொல்வதற்கில்லை. அதனை நடைமுறைப்படுத்த மூன்று யோசனைகளை மட்டும் இச்சங்கத்தின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, 'இழந்த ஆண்டுப் பதிவேடு' ஒன்றைச் சங்கம் தொடங்க வேண்டும். நோய், வீட்டில் இறப்பு, புயல், வறுமை, பெருந்தொற்று என எக்காரணத்தால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றாலும் அவள் பெயரை அதில் எழுத வேண்டும். அடுத்த சேர்க்கைக் காலத்துக்குள் சங்கத்தார் இருவர், அவர்களுள் ஒருவர் பெண்ணாக, அவ்வீட்டுக்குச் சென்று பேச வேண்டும். அவள் மீண்டும் சேர்ந்த நாளில்தான் அப்பெயரை அடிக்க வேண்டும். கனடாவில் ஓர் அமைப்பு விதியால் செய்ததை நாம் உறவால் செய்வோம்.

இரண்டாவது, பெண்களுக்கென்று ஓர் ஆடுகளமும் ஒரு மாலை நேரமும் வேண்டும். முழுக் களம் அமைக்கப் பொருள் இல்லையெனில் ஒரு கம்பமும் ஒரு வளையமும் கொண்ட அரைக்களம் போதும். பெரியவர் ஒருவர் உடனிருந்து, விளக்கு வைக்கும் வேளைக்குள் பிள்ளைகளை வீடு சேர்த்தால் எந்தத் தாயும் தடை சொல்லமாட்டாள். இளைஞர்களே, அந்நேரத்தில் களத்தை விட்டுக்கொடுப்பது உங்கள் பங்கு.

மூன்றாவது, விளையாட்டுச் சான்றிதழ்களைப் பேணுதல். கல்லூரிச் சேர்க்கையிலும், இரயில்வே போன்ற துறைகளிலும் விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கீடு உண்டு. உரிய சான்றிதழ் இல்லாமையால் அதனை இழப்போர் நம்மில் பலர். ஒவ்வொரு சான்றிதழின் படியும் சங்க அலமாரியில் இருக்கட்டும். வெள்ளம் வந்தாலும் ஓரிடத்தில் அது மிஞ்சும்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓராண்டு படிப்பு நின்றுவிட்டது என்பதற்காக மகளின் படிப்பை முடித்துவிடாதீர்கள். பதினெட்டு வயதில் இழந்த ஓராண்டைப் பத்தொன்பதில் மீட்கலாம். மணமாகிப் பிள்ளைகள் பிறந்து நாற்பதை எட்டும்போது, மீட்க வேண்டியவை மிகப் பலவாகிவிடும்.

மாணவியரே, காரைக்காலின் பெயரைத் தமிழுலகம் எங்கும் கொண்டு சென்றவர் ஒரு பெண்மணி என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்களால் இயலாதது ஒன்றுமில்லை. ஆட்டத்தில் நடுவர் ஊதல் ஒலித்தால் பந்து நிற்கும்; நேரம் காட்டும் கடிகாரமும் நிற்கும். மீண்டும் தொடங்கும்போது நின்ற இடத்திலிருந்தே நேரம் ஓடும். உங்கள் படிப்புக்கும் அவ்வாறே நேரம் காப்பது இச்சங்கத்தின் கடமை. மீண்டும் களத்தில் வந்து நிற்பது உங்கள் கடமை. பொன்விழா ஆண்டில் இம்மேடையில் நின்று பேசுவோருள், இடையில் ஓராண்டை இழந்து அதனை மீட்டெடுத்த பெண்கள் பலர் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி, என் உரையை நிறைவு செய்கின்றேன்.

வணக்கம். ஜெய் பீம்.