திருக்கோயில் வெளியில் ஒரு கொடிப்பந்தல்

(ஆலய மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நெருங்குங்கால் நல்லநாள் பார்த்துப் பந்தக்கால் நடப்படுகிறது. மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, நவதானியம் தூவிய குழியில் அது ஊன்றப்படும். சில நாட்களே நிற்பதாதலின் மண்ணுக்குள் அதன் அடி நனைந்தாலும் கேடில்லை. ஆனால், ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டிய மரப்பந்தலின் கால் மண்ணைத் தொடலாகாது. இவ்வேறுபாட்டை மறந்தமையால், மேலே மெருகுடனும் அடியில் உளுத்தும் நிற்கும் பந்தல்கள் உண்டு.

தூண்களின் மீது உத்தரமும், அதன்மீது இடைவெளி விட்டுக் கைமரங்களும் அமைத்து, கூரை வேயாது கொடி படரவிடுவதே கொடிப்பந்தல். பெர்கோலா என்று இன்று வழங்குவதும் இதுவே. தகரக் கொட்டகையைப்போல் இது வெப்பத்தைத் தேக்காது, மழையையும் தடுக்காது. மழைக்கு ஒதுங்க இடம் தேடும் ஆலயத்தார் இதற்குப் பணம் செலவிடுதல் வீண்.

அளவுகளைப் பிற ஆலயத்தில் கண்டவாறே எடுத்தாளுதல் கூடாது. காவடியின் உச்சியையும் இரதம் செல்லும் வழியையும் அளந்த பின்னரே தூணின் உயரமும் இடைவெளியும் முடிவாக வேண்டும். எட்டடி உயர உத்தரம் வீட்டுத் தோட்டத்திற்குப் போதும். மயிற்பீலிக் காவடிக்குப் போதாது. கைமரங்களைத் தென்வடலாக வைத்தால், காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலை அவற்றின் பக்கங்கள் மறிக்கும். கிழமேலாக வைத்தால் இடுக்கின் வழியே வெயில் நேரே நுழையும். நண்பகலிலோ, நிலநடுக்கோட்டை அடுத்த இந்நாட்டில் கதிரவன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்பான். அப்போது நிழல் தருவது முல்லைக்கொடியே.

மரத்தைத் தேர்வதில் சிக்கனம் பிழையாகிவிடும். செங்கால் மரம் கறையானையும் ஈரத்தையும் நன்கு தாங்கும். விலையும் அதற்கேற்ப மிகுதி. 2019ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவும் உறுதியானதே. எனினும், புதிய மெர்பாவிலிருந்து மழைநீரோடு பழுப்புச் சாறு வடிந்து தரையையும் வெள்ளை வேட்டியையும் கறைப்படுத்தும். இளஞ்சிவப்பு மெராந்தி மலிவானது, திறந்தவெளிக்கு ஏற்றதன்று.

கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மரத்தை அழிப்பது அதன்மேல் விழும் மழையினும், இடுக்கில் தங்கும் நீரே. தூணைக் கான்கிரீட்டில் புதைத்தால் இரண்டிற்கும் நடுவே நீர் தேங்கும். ஆகவே, கான்கிரீட் மேடையில் எஃகு ஏந்தி பொருத்தி, தரையிலிருந்து இரண்டு அங்குலமேனும் உயர்த்தித் தூணை நிறுத்தல் வேண்டும். கைமரத்தின் நுனியைச் சாய்வாக வெட்டினால் நீர் சொட்டி விழும். கழுந்தும் துளையும் இறுகப் பொருந்தினாலும் துருவேறா எஃகுத் திருகாணிகள் தேவை. ஏனெனில், ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்குக்கரையில் விடியலுக்கு முன் வீசும் சுமத்திராக் காற்று, கொடி அடர்ந்த பந்தலைப் பாய்மரம்போல் பற்றி இழுக்கும். இக்காரணத்தால் பொறியாளரின் கணக்கும் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலும் முன்னதாகப் பெறத்தக்கவை. கற்பூரச் சட்டியும் தேங்காய் உடைக்கும் இடமும் பந்தலுக்கு வெளியே அமைதல் நன்று.

ஆண்டுதோறும் கொடியேற்றத்திற்கு முன், ஒவ்வொரு தூணின் அடியையும் கூரிய ஆணியால் குத்திப் பார்த்தல் வேண்டும். ஆணி மெத்தென உள்ளிறங்குமாயின், அத்தூணை மாற்றிய பின்னரே அப்பந்தலின்கீழ் அன்னதானத்திற்கு இலை போடலாம்.