படம் பிடிப்பதும் படம் காப்பதும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடைக்குக் கீழே நின்று, பேசுவோரைப் படம் பிடிப்பதே என் வழக்கம். இன்று நம் செயலாளர் என்னை மேலே ஏற்றி, ஒரே தொழிலில் இத்தனை காலம் நிலைத்தது எப்படி என்று சொல்லுமாறு பணித்திருக்கிறார்.

விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இதே செகந்திராபாத்தில் 1880-களில் ஸ்டூடியோ அமைத்த லாலா தீன் தயாள் என்பாரின் வாழ்க்கையே போதும். அவர் 1844-இல் மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் பிறந்தார். ரூர்க்கியில் பொறியியல் பயின்றார். இந்தூரில் மராமத்து இலாகாவில் வரைவாளராகப் பணியாற்றினார். 1874-ஆம் ஆண்டளவில் புகைப்படக் கலையைக் கைக்கொண்டவர், 1905-இல் மறையும் வரை அதை விடவில்லை. இந்தூர், செகந்திராபாத், பம்பாய் ஆகிய மூன்று நகரங்களில் அவருக்கு ஸ்டூடியோக்கள் இருந்தன. ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் அவரைத் தம் அரசவைப் புகைப்படக்காரராக்கி, 'ராஜா' என்னும் பட்டமும் அளித்தார்.

பட்டத்தைக் கண்டு, அரசர் தயவில் மட்டுமே வாழ்ந்தவர் என்று எண்ணிவிடலாகாது. கோயில், கோட்டை, படை அணிவகுப்பு, குடும்பம் என எல்லாவற்றையும் அவர் படம் பிடித்தார். கோஷாவில் இருந்த பெண்கள் ஆண்கள் முன் வரமாட்டார்கள் என்பதறிந்து, ஆங்கிலப் பெண்மணி ஒருவரின் பொறுப்பில், 1892-இல் ஐதராபாத்தில் அவர்களுக்கெனத் தனி ஸ்டூடியோ திறந்தார். வாடிக்கைக்காரரின் சங்கடம் அறிந்து வழி செய்வதே வாணிகம் அன்றோ?

அதனினும் பெரிது ஒன்றுண்டு. அவருடைய நெகடிவ்கள் கண்ணாடித் தகடுகள். கை தவறினால் உடைந்து போகும். அவற்றுக்கு எண்ணிட்டுப் பேணினார். அவர் மறைந்து 84 ஆண்டுகள் கழிந்தபின், 1989-இல், டில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 2,857 தகடுகளை வாங்கியது. இச்செய்தியை நான் அறிவேன். அறிந்தும் பாடம் கற்கவில்லை.

1976-இல் தொழில் தொடங்கிய நாள் முதல், ஒவ்வொரு நெகடிவுக்கும் எண்ணிட்டு உறையிலிட்டு, பேரேட்டில் பெயரும் தேதியும் குறித்து வந்தேன். வரன் பார்க்க ஊருக்கு அனுப்பிய படம், வேலை மனுவுக்கான படம், அறுபதாம் கல்யாணப் படம் எல்லாம் அவற்றில் அடக்கம். 1999-இல் வாடகை உயரவே, சிறிய கடைக்கு மாறினேன். பெட்டிகளை வைக்க இடமில்லை. பிலிமிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கும் வியாபாரி ஒருவர் எடைக்கு விலை பேசினார். கறுப்பு வெள்ளை நெகடிவ் அனைத்தையும் கொடுத்துவிட்டேன்.

மறு ஆண்டு, 2000 ஆகஸ்டில், பெருமழை பெய்து தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். சில வாரங்கள் கழித்து அம்மையார் ஒருவர் தம் மகனுடன் கடைக்கு வந்தார். "அண்ணா, இவன் அப்பாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேலை மனுவுக்காக உங்களிடம்தான் படம் எடுத்துக்கொண்டார். நெகடிவ் இருக்குமே?" என்றார்.

பேரேட்டைப் புரட்டினேன். பெயர் இருந்தது, தேதி இருந்தது, எண் இருந்தது. நெகடிவ் இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "வருகிறேன், அண்ணா" என்று எழுந்து போனார். பையன் மட்டும் வாசல் வரை சென்று, பேரேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

என் தொழில் இன்னதென்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று. படத்தைக் கொடுத்துக் காசு வாங்கியதும் கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. அன்று முதல் ஒரு நெகடிவையும் நான் கழித்ததில்லை. டிஜிட்டல் காமிரா வந்த பின்னும் பழைய எண் முறையிலேயே, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதிகளை இரு வேறு இடங்களில் வைக்கிறேன். பாட்டியின் கல்யாணப் படத்தைக் கேட்டுப் பேத்தி வருகிறாள் என்றால், அவளுடைய கல்யாணத்துக்கும் என்னைத்தானே அழைப்பாள்? நான் நிலைத்த இரகசியம் இவ்வளவே.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறம், மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். பேனா மை ஊறிவிடும். ஈரச் சுவரில் படத்தை மாட்டாதீர்கள். கைப்பேசியில் எடுக்கும் படங்களில் ஆண்டுக்குப் பத்தையேனும் தாளில் அச்சிட்டு வையுங்கள்.

நம் சங்கக் குடும்பங்கள் தம் பழைய படங்களைக் கொண்டுவந்தால் நகலெடுத்துக் கொடுக்கிறேன். ஒரு பிரதி சங்கத்திலும் இருக்கட்டும். கூலி வேண்டாம். அந்த அம்மையாருக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வழியில்லை. உங்களுக்குச் செய்வதில் ஒரு பகுதியேனும் தீரட்டும்.