இனிக்கும் உருண்டையும் எட்டு மாதக் குழந்தையும்

(தலைப்பு: கிராம மக்கள் ஹோமியோபதியை நாடுவது அறிந்தே! அறியாமலே! 'அறியாமலே' அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அன்பு நண்பர்களே! தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், "கிராமத்து ஜனங்க விவரமானவங்க, தெரிஞ்சுதான் போறாங்க"ன்னு அடிச்சுப் பேசினாங்க. நானும் எங்க ஊருக்குப் போய்க் கேட்டேன். திண்ணையிலே ஒரு பெரியவர். "ஐயா, ஹோமியோபதின்னா என்னங்க?" "அதுவா தம்பி, நம்ம நாட்டு மருந்து. சித்தருங்க குடுத்தது!" (சிரிப்பு)

அதைக் கண்டுபிடித்த ஹானிமன் 1755-இல் ஜெர்மனியிலே, மைசன் நகரத்திலே பிறந்தவர். எங்க பெரியவர் அவரைப் பத்தொன்பதாவது சித்தராக்கிவிட்டார்! (கைதட்டல்)

அடுத்த வீட்டுப் பாட்டியைக் கேட்டேன். "சர்க்கரை உருண்டை வைத்தியம்தானே? கேட்டா கேட்கும். கேக்காட்டி ஒண்ணும் பண்ணாது"ன்னாங்க. இந்த 'ஒண்ணும் பண்ணாது' என்பதை மட்டும் மனசிலே வையுங்கள். திரும்ப வருகிறேன்.

புட்டியிலே '30'ன்னு எழுதியிருக்கும். அது என்ன 30? ஒரு சொட்டு மருந்தை 99 சொட்டு ஆல்கஹால் தண்ணியிலே கலந்து குலுக்கணும். அதிலே ஒரு சொட்டை எடுத்து மறுபடி 99 சொட்டிலே கலக்கணும். இப்படி 30 தடவை! பன்னிரண்டு தடவையைத் தாண்டினாலே, முதலில் போட்ட மருந்தின் ஒரே ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. கலக்கக் கலக்க வீரியம் கூடும் என்பது அவர்கள் கொள்கை. எங்க ஊர்ப் பால்காரரை இத்தனை வருஷம் வீணாகத் திட்டிவிட்டோமே ஐயா! (பலத்த சிரிப்பு) இந்தக் கணக்கை, மருந்து சாப்பிடுகிற நூறு பேரிலே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

"1973-இலேயே மத்திய அரசு சட்டம் போட்டது, திருமங்கலத்திலே அரசுக் கல்லூரியே இருக்கிறதே" என்றார் எதிரணி நண்பர். இருக்கிறது. சட்டம் அனுமதி தரும். குணமாகுமா என்பதைச் சோதனைதான் சொல்லணும். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் இது பலன் தருவதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015-இலே சொல்லிவிட்டது.

அப்படியானால் ஜனங்கள் ஏன் போகிறார்கள்? ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியிலே நாலு மணி நேரம் காத்திருந்தால் ரெண்டு நிமிஷம் பார்ப்பார்கள். இங்கே அரைமணி நேரம் உட்காரவைத்து, "தூக்கம் வருதாம்மா? கனவு வருதா? யார்மேலயாவது கோபமா?"ன்னு கேட்கிறார். கட்டிய புருஷன் கேட்காத கேள்வி! (கைதட்டல்) அந்த அன்பு உண்மை. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போ 'ஒண்ணும் பண்ணாது' கதைக்கு வருகிறேன். 2001-ஆம் வருஷம். என் மகளுக்கு எட்டு மாசம். மாமியார் ஊரிலே இருந்தோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மாமியார் உருண்டைப் புட்டியை எடுத்தார்கள். அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கியிருந்த நான் என்ன சொன்னேன்? "குடுங்க, ஒண்ணும் பண்ணாது."

ரெண்டு நாள் குடுத்தோம். ரெண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளை அழுகிறது, கண்ணிலே தண்ணீர் வரவில்லை. கண் குழி விழுந்துபோச்சு. தெருவிலே போன நர்சம்மா ஓடிவந்து வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. "சார், உடம்புத் தண்ணி அத்தனையும் வடிஞ்சுபோச்சே, அதை யாரு ஊத்துறது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தமிழ் வரவில்லை ஐயா. ஓ.ஆர்.எஸ். கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தாள்.

உருண்டை என் பிள்ளையை ஒண்ணும் பண்ணவில்லை. அதை நம்பி நாங்கள் பண்ணாமல் விட்டோமே, அதுதான் பண்ணியது.

கைக்குழந்தை வயிற்றுப்போக்கு, காசநோய், மலேரியா, எய்ட்ஸ் போன்றவற்றுக்கு ஹோமியோபதியை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலே எச்சரித்தது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. பொட்டலம் கைக்கு வரும்வரை இது போதும் ஒரு உயிரைப் பிடித்து வைக்க. தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது.

வள்ளுவர் 95-ஆம் அதிகாரத்திலே மருத்துவத்துக்கு நாலு பங்கு சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். அன்றைக்கு அந்த நாலாவது ஆள் நான். அறியாமல் இருந்தவனும் நான்தான். படித்த எனக்கே அந்தக் கதி என்றால், பாட்டியை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆகவே நடுவர் அவர்களே, நாடுவது அறியாமலே, அறியாமலே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகிற தாய்மார்கள் இன்றோடு அறிந்தவர்களாகப் போகட்டும்.