எழுதத் தயங்கும் கை

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மலருக்குக் கதையோ கவிதையோ கட்டுரையோ எழுதித் தருமாறு நம் இளைஞர்களைக் கேட்டிருந்தோம். பலர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டனர். குறித்த நாளில் தந்தோர் மிகச் சிலரே. ஏனையோரை வழியில் கண்டு வினவியபோது, "எழுதினேன் ஐயா, நன்றாக வரவில்லை, கிழித்துவிட்டேன்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைத்தது. சோம்பலால் எழுதாதவரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவர்களை அவர்தம் பெற்றோர் பார்த்துக்கொள்வர். எழுதிக் கிழித்தவரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் "எங்கள் ஊர்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதினான். சலசலத்து ஓடும் ஆறு, தாமரை பூத்த தடாகம், குயில் கூவும் மாஞ்சோலை என்று இரண்டு பக்கம். அவன் ஊரை நாம் அறிவோம். அங்கே ஆறும் இல்லை, மாஞ்சோலையும் இல்லை. "ஆறு எங்கேயடா தம்பி இருக்கிறது?" என்றோம். "புத்தகத்துல அப்படித்தாங்க ஐயா இருக்குது" என்றான். குறிப்பேட்டைத் திருப்பித் தரும்போது அதன் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. பக்கம் முழுவதும் மையால் அடித்துக் கருமையாக்கப்பட்டிருந்தது. தப்பிப் பிழைத்த வரிகள் மூன்றோ நான்கோதான். மழையிரவில் கூரை ஒழுகும் இடங்களிலெல்லாம் தாய் ஒவ்வொரு பாத்திரமாக வைத்ததையும், அலுமினியச் சட்டியில் விழும் துளிக்கு ஓர் ஓசை, மண்பானையில் விழும் துளிக்கு வேறோர் ஓசை என்று இருட்டில் படுத்தபடி தான் கேட்டுக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தான். எத்தனையோ ஆயிரம் கட்டுரைகளைத் திருத்திய நமக்கு, அதனினும் சிறந்த வரிகளைப் படித்த நினைவில்லை. "இதை ஏன் அடித்தாய்?" என்றோம். "இதெல்லாம் எழுதினா சிரிப்பாங்கய்யா" என்றான்.

யார் சிரிப்பார்கள்? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் நமக்கும் பங்குண்டு. பணியிற் சேர்ந்த புதிதில், நம் சமுதாயத்துச் சிறுமி ஒருத்தி "கஞ்சித்தண்ணி" என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "கொச்சை" என்று குறித்தோம். நாமும் அதே கஞ்சித்தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்தாம். பாடத்திட்டப்படி நாம் செய்தது சரியென்று வாதிடலாம். எனினும் அதன்பின் அவள் கேட்ட வினாவிற்கு மேல் ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்று அவள் எங்கிருக்கிறாளோ, அறியோம்.

எழுதுகிறவனுக்கு இருவகை ஐயங்கள் எழுகின்றன. "நான் எண்ணியது எண்ணியவாறு அமைந்ததா?" என்பது ஒன்று. இது தச்சனுக்கும் உண்டு, நெசவாளிக்கும் உண்டு. தொழில் தெரிந்தவனுக்கே உரிய நல்ல ஐயம். "இதைச் சொல்ல நான் யார்?" என்பது மற்றொன்று. இது நம்முள் முளைத்ததன்று. பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலைமுறைகளின் காதில் ஓயாமல் ஓதப்பட்டு, நம் காதுவரை வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே குரலில் பேசுவதால்தான் இளைஞர் ஏமாறுகின்றனர். முதல் ஐயம் என்று கருதி இரண்டாவதற்குப் பணிந்து தாளைக் கிழிக்கின்றனர்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் இவ்விரண்டையும் தெளிவாகக் காணலாம். 1936-இல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்னும் சாதி ஒழிப்புச் சங்கத்தார் தம் மாநாட்டிற்குத் தலைமை தாங்க அவரை அழைத்தனர். அவர் எழுதிய உரையை முன்கூட்டியே படித்தவர்கள் சில பகுதிகளை நீக்கக் கோரினர். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற இயலாது என்று அவர் மறுத்தார். மாநாடு நின்றுபோயிற்று, பேசப்படாத அவ்வுரையை அவரே நூலாக வெளியிட்டார். 1,500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. தமிழிலும் பெயர்க்கப்பட்டது. அவரே 1944-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாம் படித்த சாதிகள் பற்றிய ஆய்வுரையையும் சேர்த்து இந்நூலை வேறுவகையில் திருத்தி அமைக்க விரும்பியதாகவும், அதற்குப் பொழுது வாய்க்கவில்லை என்றும் முன்னுரையில் எழுதினார். பிறர் சொல்லிக் காற்புள்ளியை மாற்றாதவர், தம் நூல் இன்னும் செப்பமாக அமையலாமே என்று தாமே எண்ணினார்! திருத்த முடியவில்லையே என்று அச்சிடாமலும் இருந்துவிடவில்லை.

அண்ணல் பேரறிஞர், நாம் அவரோ என்பீர்கள். நம் காலத்து எழுத்தாளர் பாமாவைப் பாருங்கள். கன்னியர் மடத்தைத் துறந்து வெளியேறி, மனம் நொந்திருந்த காலத்தில், தம் இளமை நினைவுகளை ஊர்ப் பேச்சுத் தமிழிலேயே எழுதினார். அச்சேற்றும் எண்ணத்தோடு தொடங்கியதன்று. தம் நோவை ஆற்றிக்கொள்ளவே எழுதினார். அதுவே 1992-இல் வெளிவந்த "கருக்கு". பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் அந்தக் கருக்கேதான். சொந்த ஊராரிலேயே சிலர் முதலில் சினங்கொண்டனர், நாளடைவில் தணிந்தனர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ஆம் ஆண்டின் கிராஸ்வேர்ட் விருது பெற்றது. பேச்சுத் தமிழை அடித்துத் திருத்த நம்மைப்போன்ற ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் அந்நூல் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது நமக்கு அச்சமாகவே இருக்கிறது.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டா. நம் தெருவில் இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் தாய்மார் முன்கூட்டி எழுதிவைத்துக்கொண்டா வருகின்றனர்? இறந்தவர் உழைத்த காடு, கட்டிய சேலை, உண்ணாமற் போன சோறு அனைத்தும் அந்நேரத்திலேயே பாட்டாகின்றன. ஓரடி சற்று இடறினால் அடுத்த அடி அதைத் தாங்கிக்கொள்கிறது. தோள்மேல் கைபோட்டு அமர்ந்திருப்பவள் தன்னவள் என்பதால் சிரிப்பாளோ என்னும் அச்சம் அங்கே நுழைவதில்லை.

ஆகவே இளைஞர்களே, எழுத அமரும்போது உங்களை அறிந்த ஒருவரை எதிரே இருத்திக்கொள்ளுங்கள். அம்மாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். எழுதிய அன்றே திருத்தாதீர்கள், ஓரிரவு கழியட்டும். மறுநாள் யாருக்கேனும் வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். நா இடறும் இடத்தில் மட்டும் கை வையுங்கள். அடிக்க நேர்ந்தால் ஒற்றைக் கோடாக அடியுங்கள். கீழேயுள்ள சொல் தெரியவேண்டும். நாளை அதுவே சரியென்று தோன்றக்கூடும். அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனின் கருத்த பக்கத்தில் மேலும் என்ன இருந்ததென்று இன்றுவரை நம்மால் படிக்க இயலவில்லை.

மலர்க்குழுவினரிடம் பேசி, இளைஞர் பகுதிக்கு எட்டுப் பக்கங்களை ஒதுக்கிவைத்திருக்கிறோம். இம்மாத இறுதிவரை கைப்பிரதிகளை நம் இல்லத்திலேயே தரலாம். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை இருந்தால் பென்சிலால் குறித்துத் தருவோம். சொற்களில் கைவைக்க மாட்டோம். வீட்டில் சிவப்பு மை இல்லை.